‘1000 வாட்’ குரோ லைட்டில் உண்மையில் எத்தனை வாட்? வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு

வீட்டுக்குள் செடி வளர்க்க எல்.இ.டி. குரோ லைட் தேடினால் 1000 வாட், 2000 வாட் என்று பெரிய பெரிய எண்கள் வரும். விலையோ சில ஆயிரம்தான். 10 வாட் சிப் 100 இருக்கிறது, ஆகவே 1000 என்று பெருக்கி அட்டையில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சிப்பை முழு அளவில் ஓட்டினால் சூட்டில் கெட்டுவிடும். அதனால் விளக்கு இழுப்பது பெரும்பாலும் 100 முதல் 200 வாட்தான்.

1. உண்மையான வாட்டைப் பாருங்கள். விளக்கின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் அல்லது விவரப் பட்டியலில் இருக்கும். கையில் விளக்கு இருந்தால், பிளக் பாயின்ட்டில் செருகும் வாட் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். மீட்டரில் வி.ஏ. (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் அளவு) என்று இன்னோர் எண் வரும். மலிவான டிரைவரில் (எல்.இ.டி.-க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) அது வாட்டைவிட நிறையவே கூடுதலாகக் காட்டும். அதைக் குறித்துவைத்து ஏமாறாதீர்கள்.

2. லூமெனை விட்டுவிட்டு பி.பி.எஃப். கேளுங்கள். லூமென் நம் கண்ணுக்கான அளவு. கண் பச்சைக்கு அள்ளிக் கொடுக்கும். செடிக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் குறைத்தே மதிப்பிடும். பி.பி.எஃப். என்பது ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் விளக்கிலிருந்து நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு) வெளிவருகின்றன என்ற கணக்கு. அதை உண்மையான வாட்டால் வகுத்தால் செயல்திறன் வந்துவிடும். 125 மைக்ரோமோல் தரும் 50 வாட் விளக்குக்கு 2.5. அதற்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஊதா வெளிச்சம் தரும் மலிவு விளக்குகள் 1 முதல் 1.5-க்குள் நின்றுவிடும். விளக்குக்குக் கீழே ‘நடுவில் மட்டும்’ அளந்த வெளிச்ச எண்ணைப் போட்டு, பி.பி.எஃப். தராத விளக்கை ஒதுக்கிவிடுங்கள். மூலையில் இருக்கும் செடிக்கு அந்த எண்ணால் பயனில்லை.

3. உங்கள் தட்டுக்குக் கணக்குப் போடுங்கள். 2 அடிக்கு 2 அடி தட்டில் லெட்டூஸ் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.37 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல் வீதம் 14 மணி நேரம் கொடுத்தால் ஒரு நாளுக்குச் சதுர மீட்டருக்கு 12.6 மோல் (10 லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்), லெட்டூஸுக்குப் போதும்.

250 × 0.37 = 93 மைக்ரோமோல். கால்வாசி வெளிச்சம் தட்டுக்கு வெளியே சிந்தும் என்று எடுத்துக்கொண்டால், விளக்கிலிருந்து 124 வேண்டும்.

செயல்திறன் 2.5 என்றால் 50 வாட், மாதம் 21 யூனிட். 1.2 என்றால் 103 வாட், மாதம் 43 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று பார்த்தால் வித்தியாசம் வருடத்துக்கு 1,850 ரூபாய்க்குக் குறையாது. இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் மாறும். கோடையில் அதையும் யோசியுங்கள்.

4. மாட்டியபின் சரிபாருங்கள். வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸ் மீட்டரை (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) இலை உயரத்தில் வைத்து, வரும் எண்ணை 67-ஆல் வகுங்கள். 17,000 லக்ஸ் காட்டினால் ஏறக்குறைய 250 மைக்ரோமோல். போன் ஆப் தோராயம்தான். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு அறவே உதவாது.

தண்டு நீண்டு மெலிந்து சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்குக்கு நேர் கீழே உள்ள இலை மட்டும் வெளுத்தால் வெளிச்சம் அதிகம். உடனே விளக்கை உயர்த்தாதீர்கள், ஓரத்தில் இன்னும் சிந்தும். டிம்மர் இருந்தால் அதைக் குறையுங்கள். குறைந்த மின்னோட்டத்தில் எல்.இ.டி. சிப்பின் செயல்திறன் சற்றுக் கூடவே செய்யும்.