‘சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று யாராவது சொன்னால் என்ன பார்க்க வேண்டும்?

வாட்ஸ்அப்பில் ‘சுப்ரீம் கோர்ட் அதிரடி’ என்று சுற்றுவதில் பல, தீர்ப்பே கிடையாது. விசாரணையின்போது நீதிபதி வக்கீலை மடக்கிக் கேட்ட கேள்வியாக இருக்கும், இல்லாவிட்டால் இடைக்கால உத்தரவாக இருக்கும். அதனால் எழுத்தில் வந்த தீர்ப்பைத் தேடி எடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

கையில் கிடைத்ததும் முதல் வேலை, எத்தனை நீதிபதிகள் என்று எண்ணுவது. சிரிக்காதீர்கள், பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. ஒரு வழக்கைச் சேர்ந்து விசாரிக்கும் நீதிபதிகள் குழுதான் அமர்வு; பெரிய அமர்வு சொன்னதைச் சின்ன அமர்வு மாற்ற முடியாது. அரசியல் சாசனத்துக்குப் பொருள் சொல்லும் முக்கியமான கேள்வி என்றால் குறைந்தது 5 பேர் உட்கார வேண்டும் என்று பிரிவு 145(3) சொல்கிறது.

அந்தரங்க உரிமையின் கதையைப் பாருங்கள். 1954-இல் எம்.பி. சர்மா வழக்கு, 8 நீதிபதிகள்; அந்தரங்கத்தைச் சாசனம் தனி உரிமையாகத் தரவில்லை என்ற குறிப்பு அதில் வந்தது. 1962-இல் கரக் சிங் வழக்கு, 6 பேர். உத்தரப் பிரதேசத்தில் போலீஸ் கரக் சிங்கைச் சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொண்டு ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த ராத்திரி சோதனை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதே தீர்ப்பில் அந்தரங்கம் நம் சாசனம் தரும் உரிமை இல்லை என்றும் எழுதியது! முடிவை மட்டும் படித்தால் குடிமகன் ஜெயித்தார், காரணத்தையும் படித்தால் உரிமை தோற்றது.

அப்புறம் 1994-இல் நம் ஊர் வழக்கு: ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்பது. வெளியாகும் முன்பே அரசு தடுக்க முடியாது, பொது ஆவணங்களில் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமலே போடலாம் என்று சொன்ன தீர்ப்பு, அந்தரங்கம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரிமை தரும் பிரிவு 21-க்குள் அடங்கியது என்றும் சொன்னது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அமர்வில் 2 பேர். 2015-இல் ஆதார் வழக்கில் மத்திய அரசு இந்த எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொண்டது: எட்டு பேரும் ஆறு பேரும் சொன்னதை, பின்னால் வந்த இரண்டு, மூன்று பேர் அமர்வுகள் எப்படி மாற்றும்? அதனால்தான் புட்டசாமி வழக்கு என்று பெயர் பெற்ற அதே வழக்கில், இந்தக் கேள்விக்காக 9 பேர் உட்கார வேண்டி வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

அது 547 பக்கம், 6 தனித்தனித் தீர்ப்புரைகள். முழுதும் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நேராகக் கடைசிக்குப் போங்கள், எல்லாரும் கையெழுத்திட்ட உத்தரவு அங்கே சுருக்கமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஆரம்பத்துக்கு வந்து, நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி என்ன என்று பாருங்கள்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், பிரிவு 141-இன்படி மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவைப்பட்ட காரணம்தான். போகிற போக்கில் சொன்னதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அதே பலம் கிடையாது. சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், முடிவு அப்படியே நின்றால் அது உபரிப் பேச்சு. எம்.பி. சர்மா வழக்கின் கேள்வியே சோதனை வாரண்ட் போட்டு ஆவணங்களைப் பறிமுதல் செய்வது பற்றியது. அந்தரங்கம் பற்றி அதில் வந்த சிறு குறிப்பைத்தான் அறுபது வருடம் கழித்தும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதி தனியாக எழுதும் மாறுபட்ட தீர்ப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எமர்ஜென்சி காலத்தில், 1976-இல், காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 4 பேர் சொன்னபோது எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று அடித்துத் தள்ளப்பட்டதும் 2017-இன் அதே புட்டசாமி தீர்ப்பில்தான்.

கடைசியாக, தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வந்த பெரிய அமர்வு மாற்றியிருக்கலாம், நாடாளுமன்றமும் மாற்றியிருக்கலாம். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றானது. அதே வருடம் சாசனத்தின் முதலாவது திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் பிரிவு 15(4) சேர்ந்தது. அதற்காக எதை வேண்டுமானாலும் திருத்திவிட முடியாது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 பேர் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் எந்த மாநிலம் என்று கவனியுங்கள். கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை இங்கே உள்ள நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி வாதாடலாம், ஆனால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.