நோய் பரப்பும் நத்தைகளின் மரபணு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்னீர் நத்தைக்குள் வளரும் ஒட்டுண்ணிப் புழுவால் மனிதருக்கு வரும் நோய் சிஸ்டோசோமியாசிஸ், அதாவது நத்தைக் காய்ச்சல். அதைக் கட்டுப்படுத்த ஒரு வாய்க்காலில் மருந்து தெளித்து நத்தைகளை ஒழிக்கிறார்கள். அங்கே அவை மறுபடி எங்கிருந்து வரும்? இதற்கு விடை தேடித்தான் நத்தைகளின் மரபணுவையும் அவை வாழும் நிலத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள். தவறாகப் படித்தால் தெளித்த மருந்தும் செலவும் வீண்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வரைபடத்தில் நேர்கோடு போட்டுத் தூரம் அளப்பது. சீனாவின் ஆன்கோமெலானியா ஹுபென்சிஸ் நத்தையை எடுத்துக்கொள்வோம். ஓட்டின் நீளம் பெரும்பாலும் 1 செ.மீ.கூட வராது, தானாக ஊர்ந்து அதிக தூரம் போகாது. ஆனால் அது வாழும் போயாங் ஏரி கோடை வெள்ளத்தில் 3000 சதுர கி.மீ.க்கு மேல் விரிகிறது, குளிர்காலத்தில் 1000க்கும் கீழே சுருங்குகிறது. ஏறும் தண்ணீரில் புல்லிலும் சருகிலும் ஒட்டிக்கொண்ட நத்தைகள் மிதந்துபோய் வேறு கரையில் ஒதுங்கும். எனவே தொலைவிலுள்ள கூட்டங்கள்கூடக் கலந்துவிடுகின்றன. அதே சீனாவின் சிச்சுவான், யுன்னான் மாகாணங்களின் மலைகளில் கதையே வேறு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இருந்தாலும் நடுவில் ஒரு முகடு நின்றால் போதும், இரண்டு கூட்டங்களும் மரபணுவில் வெகுவாக விலகி நிற்கும். ஆகவே நீரோட்டத்தின் திசை, வெள்ளம் எட்டும் உயரம், பாசனக் கால்வாய் இணைப்பு ஆகியவற்றை வைத்தே தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

நத்தையின் ஓட்டை மட்டும் பார்த்து இனம் பிரிப்பதும் ஆபத்து. யாங்சி சமவெளியில் வெள்ளம் வரும் இடங்களில் வரியோடிய ஓடும், வெள்ளம் எட்டாத இடங்களில் வழவழப்பான ஓடும் காணப்படும். இரண்டும் ஒரே துணையினம்தான். சிச்சுவானின் வழவழப்பான நத்தையோ வேறு துணையினம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவது மரபில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒரே கல்லின் அடியில் கிடைத்த நத்தைகளையெல்லாம் அள்ளிவந்து "இந்த ஊர் மாதிரி" என்று எழுதிவிடக் கூடாது. அவை உடன்பிறப்புகளாக இருக்கலாம்.

இனப்பெருக்க முறையை மறப்பவர்களும் உண்டு. ஆன்கோமெலானியாவில் ஆண், பெண் தனித்தனி. ஆப்பிரிக்காவின் பயோம்ஃபலேரியா ஃபைஃபெரி நத்தை இருபால் உயிரி. பெரும்பாலும் தன்கருவுறுதல் மூலமே பெருகும். அதனால் கூட்டங்களுக்கிடையே வேறுபாடு தானாகவே கூடும். அந்தப் பழியை மலை மீதும் அணை மீதும் போட்டால் முடிவு பிசகும். புலைனஸ் ட்ரங்கேட்டஸ் என்ற நத்தை இன்னும் சிக்கல்: அதற்கு நான்கு தொகுதி குரோமோசோம்கள். இரண்டு தொகுதி கொண்ட உயிர்களுக்கான கணக்கு அதற்குப் பொருந்தாது.

இன்றைய நிலத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. யாங்சி ஆற்றின் த்ரீ கார்ஜஸ் அணை நீர் தேக்கத் தொடங்கியது 2003இல். அதன் சுற்றுவட்டாரத்தில் இப்போது காணும் வேறுபாட்டில் எவ்வளவு அணைக்கு முன்பே இருந்தது என்று பிரித்தறிய, பழைய ஆற்றுப்போக்கையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கடைசியாக, மரபணு வேறுபாடு தெரிந்தவுடன் "இந்த நத்தை நோய் பரப்பும், அது பரப்பாது" என்று முடிவுகட்டுவது. ஆய்வுக்கு எடுத்த மரபணுக் குறியீடுகள் பெரும்பாலும் தொற்றோடு தொடர்பில்லாதவை. அந்தந்த ஊர் ஒட்டுண்ணியின் லார்வாவை அந்தந்த ஊர் நத்தையில் ஏற்றி, அது உள்ளே வளர்கிறதா, பல வாரங்கள் கழித்துச் செர்க்காரியாவாக, அதாவது மனிதரைத் தொற்றும் இளம்புழுவாக, வெளியேறுகிறதா என்று பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.