மாதச் சந்தா டாக்டர் நமக்குத் தேவையா? காசு கட்டும் முன் செய்ய வேண்டியவை

மாதாமாதம் பணம் கட்டினால் எப்போது வேண்டுமானாலும் போனில் பேச சொந்த டாக்டர் என்று விளம்பரம் வருகிறதே, கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கிற நமக்கு அது தேவையா என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். போன வருஷத்து மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

படி 1: சீட்டுகளை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தது, காதுக்குள் டார்ச் அடித்தது, ஊசி போட்டது, புண்ணுக்குக் கட்டுப் போட்டது எல்லாம் ஒரு கட்டு. ரிப்போர்ட்டைப் படித்து மாத்திரை அளவை மாற்றியது, சந்தேகம் கேட்டது இன்னொன்று. போன் டாக்டர் உதவுவது இரண்டாவது கட்டுக்குத்தான். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் முதல் கட்டுதான் கனமாக இருக்கும், சந்தா கட்டினாலும் தெருமுனை கிளினிக்குக்குத் தனியாக அழ வேண்டும். சர்க்கரை, பிபி, தைராய்டு உள்ள வீடு என்றால் கதை வேறு.

படி 2: இலவசமாகக் கிடைப்பதைக் கழியுங்கள். மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் காசில்லாமல் பேசலாம். கடலூர் பக்கம் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம், சர்க்கரை, பிபி மாத்திரை 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வருகிறது (தமிழக அரசுத் திட்டம், புதுச்சேரிக்காரர்களுக்கு இல்லை). இதற்கெல்லாம் போக மிஞ்சுகிற அழைப்புகளால் வருஷச் சந்தாவை வகுத்துப் பாருங்கள். மாதம் 400 என்றால் வருஷம் 4,800. ஆறு தடவைதான் பேசுவீர்கள் என்றால் ஒரு பேச்சுக்கு 800 ரூபாய். அதையே கிளினிக் ஃபீஸ், ஆட்டோ காசு, அரைநாள் லீவு மூன்றையும் கூட்டிய தொகையோடு ஒப்பிடுங்கள்.

படி 3: இதுதான் முக்கியம். கட்டும் முன் கஸ்டமர் கேரில் கேளுங்கள்: "அடுத்த தடவையும் இதே டாக்டர்தானா? அவர் லீவில் போனால் யார்? அம்மாவிடம் தமிழில் பேசுவாரா?" ஒவ்வொரு முறையும் யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் வருவார் என்றால் அது சொந்த டாக்டரே இல்லை, அதற்கு ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாகக் கட்டுவதே மேல். பிள்ளைகள் பிரான்சிலோ சிங்கப்பூரிலோ இருக்க, இங்கே பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளுக்கு ஒரே டாக்டர் நிஜமாகக் கிடைத்தால் நான் தாராளமாகக் கட்டச் சொல்வேன்.

படி 4: பதிவு எண்ணைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி டாக்டரின் பதிவு எண் உங்களுக்குத் தெரிய வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் அதைத் தேடிச் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஷெட்யூல் எக்ஸ் என்கிற கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கும் மருந்துகளையும் போன் வழியாக எழுதக் கூடாது, அதை எழுதித் தருகிறேன் என்கிற ஆப்பை அப்போதே நீக்கிவிடுங்கள்.

படி 5: சரி, கட்டலாம் என்று முடிவானால் ஒரு மாதத்துக்கு மட்டும். வருஷத் தள்ளுபடி அப்புறம். ஆப்பை அழித்தால் ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பது) நிற்காது, யுபிஐ செயலிக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் இந்த ஆப்பைத் தொடவே கூடாது, நேராக 108.

அந்த முதல் மாதத்தில் ஒரு சாதாரணச் சந்தேகத்தைச் சாயங்கால நேரத்தில் அனுப்பிப் பாருங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளைப் பற்றி டாக்டர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமலே புது மாத்திரை எழுதினால் அன்றைக்கே ஆட்டோபேயை ரத்து செய்துவிடலாம்.