வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எதிர்ப்பு வந்தால் தைரியமாய் நிற்பது எப்படி

வாசலில் பத்துப் பேர் நின்று சத்தம் போட்டால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். பல வருட விசுவாசிகளும் இதற்கு விலக்கல்ல. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) என்று பாடிய தாவீது தன் பயத்தை ஒளிக்கவில்லை. நீங்களும் அதைப் பாவமாக எண்ணி உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆயத்தத்தை அமைதியான நாட்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

முதல் வேலை, எதிர்ப்பு எதற்காக என்று நேர்மையாக ஆராய்வது. அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடக் கூடாது என்கிறது 1 பேதுரு 4:15. பாட்டுச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறதா? பைக்குகள் பக்கத்து வீட்டு வாசலை மறிக்கின்றனவா? பிறர் வணங்கும் தெய்வங்களை யாராவது இழிவாகப் பேசினார்களா? அப்படியென்றால் அது கிறிஸ்துவின் நிமித்தம் வரும் பாடு அல்ல, நம்முடைய தவறு. போய் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இருபது பேர் கூடும் அறைக்கு மைக்கும் ஸ்பீக்கரும் எதற்கு? வீட்டையே பொது ஆராதனை இடமாக மாற்றுவதாக இருந்தால் கட்டட விதிகளின்படி முன் அனுமதி வேண்டும், வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். மனச்சாட்சி உறுத்திக்கொண்டிருந்தால் வாசலில் நிற்கும்போது குரல் எழும்பாது.

அடுத்தது ஜெபம். அப்போஸ்தலர் 4:23-31ஐ வரிவரியாக வாசியுங்கள். மிரட்டப்பட்ட பேதுருவும் யோவானும் நேரே தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து, நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று தேவனை அழைக்கிறார்கள். இரண்டாம் சங்கீதத்தைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகே விண்ணப்பம். அதிலும், மிரட்டினவர்களை அழித்துப்போடும் என்று கேட்கவில்லை; வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்லக் கிருபை கேட்டார்கள். இதே வரிசையில் ஜெபித்துப் பாருங்கள். எடுத்தவுடன் "ஆண்டவரே, இவர்களைத் தண்டியும்" என்று தொடங்கும் கூட்டத்தில் பயம் கோபமாக மாறுகிறதே தவிர, தைரியம் பிறப்பதில்லை.

நெகேமியா 4:9இல் ஜெபமும் உண்டு, காவலும் உண்டு. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசலில் பேச நிதானமான ஒருவர் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வதால்தான் பெரும்பாலும் கைகலப்பு வருகிறது. பிள்ளைகளையும் முதியவர்களையும் உள்ளறைக்கு அழைத்துப்போக ஒருவர், 100 அல்லது 112ஐ அழைக்க ஒருவர், வாக்குவாதத்தில் சேராமல் போனில் பதிவு செய்ய ஒருவர். அந்த வீடியோவை உடனே வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். பரவினால் தெருச் சண்டை ஊர்ச் சண்டையாகிவிடும்.

பேசுகிறவர் 1 பேதுரு 3:15 சொல்கிற சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பேச வேண்டும். முன்னதாகவே சொல்லிப் பழகட்டும்: "அண்ணே, நாங்க ஜெபம் பண்ணத்தான் கூடியிருக்கோம். எல்லாரும் அவங்களா விரும்பி வந்தவங்க. சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, குறைச்சுக்கிறோம்." அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

கை ஓங்கினால் விலகிவிடுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23). பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார்.

அதே பவுல், தன்னை அடிக்கக் கட்டினபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லி நியாயம் கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). காவல் நிலையத்துக்குப் போவது அவிசுவாசம் அல்ல. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. சட்டப்படி கூடியிருக்கும் வழிபாட்டை வேண்டுமென்றே குலைப்பது குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவின்படி குற்றம். தேதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், பார்த்தவர்கள் ஆகியவற்றை எழுதிப் புகார் கொடுங்கள். ஊகங்களைச் சேர்க்காதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். வழக்குப் பதிவானால் எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) நகல் இலவசமாகத் தர வேண்டும்.

கூட்டத்துக்கு வீடு கொடுத்தவர் வாடகைக்கு இருப்பவரானால் அதிக நெருக்கடி அவருக்கே. ஓனர் காலி செய்யச் சொல்லலாம். இரண்டு மூன்று நாட்களுக்குள் சபை மூப்பர்கள் வீடு கொடுத்தவரைப் போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்பதை அவர் விருப்பப்படியே முடிவு செய்யட்டும்.