முதுகுப் பிடிப்பா, கிட்னி வலியா? வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி

முதலில் வலிக்கிற இடத்தில் கையை வையுங்கள். பலர் வேட்டி, பாவாடை கட்டுகிற மட்டத்தில் முதுகெலும்பின் மேலேயே கையை வைத்துக்கொண்டு "கிட்னி வலிக்குது" என்பார்கள். கிட்னி அங்கே இல்லை. அதற்கும் மேலே, கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேர்கிற இடத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் உள்ளே ஆழமாக இருக்கிறது. அதனால் கிட்னி வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, விலாவுக்குக் கீழே வரும்.

இடம் மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. அடுத்து மெதுவாகக் குனியுங்கள், நிமிருங்கள், இடுப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பினால் சுரீர் என்கிறது, மல்லாந்து காலை மடக்கிப் படுத்தால் குறைகிறது, விரலால் அழுத்தினால் "இதோ இங்கேதான்" என்று ஓர் இடம் சிக்குகிறது என்றால் அநேகமாகத் தசைப் பிடிப்புதான். முந்தின நாள் சிலிண்டரைத் தூக்கினோமா, பஸ்ஸில் ராத்திரி முழுக்கக் கோணலாக உட்கார்ந்து வந்தோமா என்று யோசித்தால் காரணமும் பிடிபடும். வலி பிட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்கினால் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகப்படலாம்.

கிட்னிக் கல் வலி வேறு ரகம். கல் சிறுநீர்க் குழாயில் சிக்கி, பின்னால் சிறுநீர் தேங்கி அழுத்துவதால் வருவது அது. எப்படிப் படுத்தாலும் குறையாது. முதுகுப் பிடிப்புக்காரர் அசையாமல் கிடப்பார். கல் வலிக்காரர் படுப்பார், எழுவார், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி தரையில் உருளுவார். அலை அலையாக ஏறி இறங்கும், விலாவிலிருந்து அடிவயிறு, தொடை இடுக்கு என்று இறங்கும், ஆண்களுக்கு விதை வரை இழுக்கும். கூடவே வாந்தி, வியர்வை. சிறுநீர் சிவப்பாகவோ கட்டன் டீ நிறத்திலோ போகலாம். தெளிவாகப் போனாலும் கல் இல்லை என்று அர்த்தமில்லை.

கிட்னியில் கிருமித் தொற்று என்றால் விலாப் பக்கம் விடாமல் ஒரு வலி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். டாக்டர் அந்த இடத்தில் லேசாகத் தட்டிப் பார்ப்பார். நீங்கள் வீட்டில் குத்திப் பார்க்க வேண்டாம். அப்புறம், தோலே எரிகிற மாதிரி ஒரு பக்கமாக வலித்து இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி, கிட்னியும் இல்லை முதுகும் இல்லை.

காய்ச்சல் நடுக்கத்தோடு விலா வலி இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரே போகவில்லை, குடிக்கும் தண்ணீர்கூட வாந்தியாகிறது, கர்ப்பமாக இருக்கிறீர்கள், ஒரே கிட்னிதான் என்றாலும் அப்படியே. முதுகுவலியோடு கால் துவண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அது தண்டுவடப் பக்கத்து அவசரம். அதற்கும் உடனே ஓட வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப அதிகம். கல் வலிக்கு டாக்டர்களே அந்த மருந்தை ஊசியாகப் போடுவதுண்டு, ஆனால் கிட்னி ஏற்கெனவே பலவீனமானவருக்கு அது இன்னும் கெடுதல். வலி உச்சத்தில் இருக்கும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீரோ வாழைத்தண்டுச் சாறோ குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வந்துவிடாது, வாந்திதான் கூடும். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள். சாதாரண (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேனில் குழாயில் இருக்கும் சின்னக் கல் தப்பிவிடலாம், அப்போது சி.டி. எடுக்கச் சொல்வார்கள். 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும்.

சரி, வலியே இல்லை, அப்போ கிட்னி நன்றாக இருக்கிறதா? அப்படிச் சொல்ல முடியாது. சுகராலும் பிரஷராலும் மெல்ல மெல்லக் கெடுகிற கிட்னி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அந்த இரண்டில் ஒன்று இருப்பவர்கள் முதுகு வலிக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி வடிகட்டும் கழிவு) சிறுநீரில் ஆல்புமினும் (ஒரு புரதம்) பார்த்துவிடுங்கள்.