கொல்லிமலை ஏற்றத்தில் ஆடிய பை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரவு வெளியில் தங்குவதற்கான சாமான்களோடு சைக்கிளில் ஏறினேன். எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் சீட்டுக்குப் பின்னால் கட்டிய பை இடமும் வலமும் ஆடி, சைக்கிளையே இழுத்தது. எடையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

முதலில் ஒவ்வொரு பொருளாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். இருவர் படுக்கும் கூடாரம் போய், மெல்லிய தார்ப்பாயும் கொசுவலையும் வந்தன. தடித்த ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் ஃப்ளீஸ் போர்வையும் குல்லாவும். ஆனால் விரிப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. படுத்திருக்கும்போது உடல் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். ஃபோம் பாய் விலை குறைவு, முள் குத்தினாலும் காற்று இறங்காது.

அப்புறம் அடுக்கும் முறை. தண்ணீர், அடுப்பு, ஸ்பேனர் எல்லாம் பிரேமின் நடுவில் உள்ள பைக்குப் போயின. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ அல்லவா! சீட்டுப் பையில் போர்வையும் துணியும் மட்டும். காற்றை வெளியேற்றிச் சுருட்டி, சீட் கம்பியோடு பட்டையை இறுக்கினேன். ஆட்டம் நின்றது.

மழை மாதங்களில் மட்டும் கூடாரத்தையே எடுக்கிறேன். சாரல் பக்கவாட்டில் அடித்தால் தார்ப்பாய் தாங்காது.