'செக்யுலர்' என்ற சொல்லுக்கு உருதுவில் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'செக்யுலர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உருதுவில் என்ன பொருள் என்று கேட்டால், பலருடைய வாயிலும் முதலில் வருவது 'லாதீனீ' என்ற சொல்தான். 'லா' என்பது இன்மையைக் குறிக்கும் அரபு முன்னொட்டு. 'தீன்' என்பது மார்க்கம். வாரிசு இல்லாதவரை 'லாவாரிஸ்' என்பதைப் போல, மார்க்கம் இல்லாதது 'லாதீனீ'. பெருந்தவறு இங்கேதான் நேர்கிறது. எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாமல் ஓர் அரசு நடந்துகொள்ளும் என்ற செய்தி, இச்சொல்லில் ஏறி உருது வாசகரிடம் சேரும்போது, அந்த அரசு சமயத்தையே மறுக்கிறது என்ற செய்தியாகிவிடுகிறது. 'மதச்சார்பற்ற அரசு' என்பதற்கும் 'மதமற்ற அரசு' என்பதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பார்த்தால், இழப்பு எவ்வளவு பெரியது என்பது தமிழருக்கு எளிதில் விளங்கும்.

மனிதரைப் பற்றிப் பேசும்போது இத்தவறு இன்னும் புண்படுத்தும். இந்திய ஆங்கிலத்தில் ஒருவரை 'செக்யுலர்' என்றால், அவர் எல்லாச் சமயத்தாரையும் மதிப்பவர் என்றே பெரும்பாலும் பொருள். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாத ஒருவரும் அப்படி இருக்கலாம். அவரை 'லாதீனீ' என்பது பாராட்டைப் பழியாக்குவதாகும்.

சொல்லின் பிறப்பும் இந்த மொழிபெயர்ப்புக்கு இடம் தரவில்லை. அதன் லத்தீன் வேர் தலைமுறை, காலம் என்னும் பொருளுடையது. பின்னர் திருச்சபையின் வழக்கில் இவ்வுலகைக் குறித்தது. துறவற சபைகளில் சேராமல் மக்களிடையே பணியாற்றும் கத்தோலிக்கக் குருக்களுக்கும் ஆங்கிலத்தில் இதுவே அடைமொழி. அவர்களை 'லாதீனீ பாத்ரீ' என்று எழுதினால், மார்க்கமில்லாத பாதிரியார் என்ற பொருந்தாப் பொருள்தான் கிடைக்கும். பொருளியலில் இதே சொல் நீண்டகாலப் போக்கைச் சுட்டுகிறது. அங்கே சமயத்துக்கு வேலையே இல்லை. 1851இல் 'செக்யுலரிசம்' என்ற சொல்லை உருவாக்கிய ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹோலியோக்கும் அதை இறைமறுப்பிலிருந்து வேறுபடுத்தியே பேசினார்.

'கைர் மஸ்ஹபீ' என்பது சற்று மேலான தேர்வு. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்ந்த இச்சொல்லை, உருது வடிவம் அப்படித்தான் தருகிறது. 'மஸ்ஹபீ' என்றால் சமயம் சார்ந்தது. 'கைர்' என்பது அதை 'அல்லாத' என்று விலக்கி நிறுத்துகிறதே தவிர, 'லா'வைப் போல இல்லையென்று துடைத்துவிடுவதில்லை. சமயப் பாடல் அல்லாத இசையைக் குறிக்கவும் இது பொருந்தும். ஆயினும் எல்லாச் சமயங்களையும் சமமாக நடத்துதல் என்ற கருத்து இதில் முழுதாக வருவதில்லை. ஆகவே அரசைப் பற்றி எழுதும்போது, உருதுவில் ஏற்கெனவே பழகிவிட்ட 'செக்யுலர்' என்ற கடன்சொல்லையே வைத்துக்கொண்டு, 'ரியாஸத் கா கோயீ ஸர்காரீ மஸ்ஹப் நஹீன்', அதாவது அரசுக்கென்று அதிகாரபூர்வமான சமயம் எதுவும் இல்லை, என ஒரு வாக்கியத்தில் விளக்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

உச்சரிப்பில் ஒரு சிறு பிழையும் உண்டு. உருது எழுத்தில் இச்சொல்லின் 'ஸீன்' என்ற எழுத்தை அடுத்து, ஏ, ஈ என்னும் நெடில்களையும் குறிக்கும் 'யே' என்ற எழுத்து வருவதால், அதைப் பார்த்துப் படிப்பவர்கள் முதல் அசையை 'ஸே' என்றோ 'ஸீ' என்றோ நீட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது குறிலான 'செ'தான்.